துளை ஒன்று அடைபட்டால்...

வானொலிப் பெட்டியும் தையற்பொறியும் இருந்த வீட்டு மூலையிலே இன்று பல குடும்பங்களில் அச்சுப்பொறியொன்றும் இடம்பெற்றுவிட்டது. பிள்ளைகளின் பயிற்சித்தாள், கடந்தகால வினாத்தாள், விண்ணப்பப் படிவம், கோயில் திருவிழாத் துண்டறிக்கை, அந்தியேட்டி அழைப்பு என்று நாளுக்கொரு தேவை அதற்குண்டு. வாங்கிய புதிதில் அழகாக அச்சிட்ட அப்பொறி, சில மாதங்கள் சென்றபின் எழுத்துக்களின் குறுக்கே வெண்கோடு இழுக்கத் தொடங்கும். படத்திலுள்ள நீலவானம் நிறம் மாறித் தோன்றும். “பொறி பழுதாய்விட்டது, கொடுத்த காசு வீண்” என்று வீட்டார் சலித்துக்கொள்வர். பெரும்பாலும் பழுதானது பொறியன்று. அதனுள்ளே இருக்கும் நுண்ணிய துளைகளிற் சில அடைபட்டுள்ளன, அவ்வளவே. அத்துளைகளைக் கண்காணிக்கும் வகையையும் காக்கும் வகையையும் இவ்வாரம் எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

‘இங்க்ஜெட்’ என வழங்கும் பொறியைப் பற்றியே ஈண்டுப் பேசுகின்றோம். மைத்தூளைச் சூட்டினால் ஒட்டவைக்கும் லேசர்ப் பொறிக்கு இக்கூற்றுக்கள் பொருந்தா. இங்க்ஜெட் பொறியானது கடதாசியைத் தொடாமலே எழுதுவது. அச்சுத்தலை என்னும் உறுப்பு, கடதாசிக்கு மேலே இடமும் வலமுமாக ஓடும். ஓடும்போதே அதன் அடியிலுள்ள துளைகள் மையைத் துளிதுளியாகச் சொரியும். கடைக்காரர் ‘ஹெட்’ என்று கூறுவது இவ்வுறுப்பையே. துளையின் அகலம் ஏறத்தாழ 20 மைக்ரோமீற்றர். அதாவது ஒரு மில்லிமீற்றரை ஐம்பது கூறிட்டால் வரும் ஒரு கூறு. மனிதர் தலைமயிரொன்றின் குறுக்களவுக்குள் இத்தகைய துளைகள் மூன்றினை அடக்கிவிடலாம். துளியின் அளவோ இன்னும் வியப்புக்குரியது. நான்கு பிக்கோலீற்றர் அளவான துளிகளாக ஒரு மில்லிலீற்றர் மையைப் பகுத்தால் 25 கோடித் துளிகள் கிடைக்கும்.

இவ்வித்தையின் வரலாறு மருத்துவத்தோடு தொடர்புடையது. சுவீடன் நாட்டு அறிஞர் றூனே எல்ம்குவிஸ்ட் என்பவர், நுண்ணிய குழாயிலிருந்து மையைப் பீச்சி இதயத் துடிப்பு முதலியவற்றைத் தாளில் வரையும் கருவிக்கு 1951இல் உரிமைப் பத்திரம் பெற்றார். 1958இல் மனித உடலினுள்ளே வைக்கப்பட்ட முதலாவது இதய முடுக்கியை ஆக்கியவரும் இவரே. பின்னர், 1977இல் யப்பானியக் கனன் நிறுவனத்தின் ஆய்வுகூடத்திலே, சூடேறிய பற்றாசுக் கோல் ஒன்று மை நிறைந்த ஊசிக்குழாயிற் தற்செயலாகப் பட, ஊசிமுனையிலிருந்து மை தெறித்தது. அந்நிகழ்ச்சியே வெப்பத்தால் மையை உந்தும் முறைக்கு வித்தாயிற்று. அமெரிக்காவிலும் ஹியூலெற் பக்கார்ட் நிறுவனத்தார் தாமாகவே அம்முறையைக் கண்டறிந்து, 1984இல் ‘திங்க்ஜெட்’ என்னும் பொறியை வெளியிட்டனர். அதிலிருந்த துளைகள் 12 மட்டுமே. இன்று நம் நாட்டு வீடுகளிற் பரவலாக உள்ள மைத்தாங்கிப் பொறிகளில் ஒரு வகையை எடுத்துக்கொண்டால், கறுப்புக்கு 180 துளைகளும் ஏனைய மூன்று நிறங்களுக்கு நிறமொன்றுக்கு 59 துளைகளுமாக 357 துளைகள் உள.

துளியை வெளியேற்றும் முறை இருவகைப்படும். ஒன்று, துளைக்குப் பின்னாலுள்ள சிறு சூடாக்கி கணப்பொழுதில் 300 பாகை செல்சியசு அளவுக்குச் சூடேற, மையின் ஒரு படலம் ஆவிக்குமிழாகி முன்னுள்ள மையை உந்தித் தள்ளுவது. மற்றையது, மின்னூட்டினால் வளையும் பளிங்குத் தகடொன்று மையறையைப் பிழிந்து துளியை வெளியேற்றுவது. முதல் வகையிற் பெரும்பாலும் அச்சுத்தலை மைப்பேழையோடு சேர்ந்தே வரும். பேழையை மாற்றினால் தலையும் புதிதாகும். இரண்டாம் வகையிற் தலை பொறியோடு நிலைத்திருப்பது. அது கெட்டால் பொறியே கெட்டதாகக் கொள்ளத் தகும். தம்மிடமுள்ளது எவ்வகை என்பதைக் கைந்நூலைப் பார்த்து ஒவ்வொருவரும் அறிந்து வைத்தல் நன்று.

இனி, துளை அடைபடுவது ஏன் என்பதைப் பார்ப்போம். மையின் பெரும்பகுதி நீர். துளையின் வாயிலே மை காற்றைத் தொட்டுக்கொண்டு நிற்கின்றது. நீர் ஆவியாகப் போகப் போக, எஞ்சிய மை தடித்துப் பாகுபோலாகி இறுதியில் உலர்ந்து பொருக்காகின்றது. இதனைத் தாமதப்படுத்தற்கென்றே மையில் கிளிசரின் போன்ற ஈரங்காக்கும் பொருள்களைச் சேர்க்கின்றனர். இஃதன்றிப் பொறிக்கும் ஒரு தற்காப்பு உண்டு. வேலை முடிந்ததும் அச்சுத்தலை வலது ஓரத்திலோ இடது ஓரத்திலோ உள்ள தன் இருப்பிடத்துக்குச் சென்று இறப்பர் மூடியொன்றின் மேல் அமர்ந்துகொள்ளும். பேனாவை எழுதி முடித்ததும் மூடுகின்றோமல்லவா? அதுபோன்றதே இது. மூடாது வைத்த பேனா மறுநாட் காலையில் எழுத மறுக்குமென்பதை மாணவர்க்கு நாம் சொல்லவேண்டியதில்லை.

ஒரு துளை அடைபட்டால் என்ன, நூறு துளைகள் இருக்கின்றனவே என்று சிலர் நினைக்கலாம். உண்மையில் ஒன்றிரண்டு துளை தவறினால் அது கண்ணுக்குப் புலப்படாமலே போகலாம். உயர்தர அச்சு முறையில் தலை ஒரே இடத்தைப் பலமுறை கடந்து செல்வதால், ஒரு துளை விட்ட இடத்தை மற்றொரு துளை நிரப்பிவிடும். ஆனால், மை மிச்சம் பிடிப்பதற்காக நாம் பெரிதும் பயன்படுத்துவது ‘டிராப்ட்’ என்னும் சிக்கன முறையையே. அதிலே தலை ஓரிடத்தை ஒருமுறையே கடக்கும். அங்கே அடுத்தடுத்துள்ள சில துளைகள் அடைபட்டிருப்பின் அவ்வரிசையில் மை விழாது. குறுக்கே மெல்லிய வெண்கோடு தோன்றும். பெரிய எழுத்தாயின் கோடு தெரியும். சிறு குறியாயின் குறியே மறைந்துவிடும். குறி மறைந்தது பார்ப்பவனுக்குத் தெரியாது என்பதே இதிலுள்ள ஆபத்து.

யாம் அறிந்த கல்லூரியொன்றிலே சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்ததைச் சொல்வோம். தவணைப் பரீட்சைக்கான கணித வினாத்தாள் சிக்கன முறையில் எழுபது பிரதிகள் அச்சிடப்பட்டது. சுவரிற் சாத்திய ஏணி பற்றிய வினா ஒன்று அதில் இருந்தது. ஏணியின் நீளம் 6.5 மீற்றர், ஏணியின் அடி சுவரிலிருந்து 2.5 மீற்றர் தூரத்தில் உள்ளது. ஏணி சுவரில் எட்டும் உயரம் யாது? பைதகரசின் தேற்றத்தை அறிந்த பிள்ளை 6 மீற்றர் என்று இரண்டு நிமிடத்தில் விடை காணும். ஆனால், இரண்டாவது தரவு இருந்த வரியின் அடிப்பாகத்திலே வெண்கோடு ஓடியது. இலக்கங்களின் கீழ்விளிம்பு சிறிது தேய்ந்ததன்றி வேறு குறை தெரியவில்லை. தசமப் புள்ளியோ அடிக்கோட்டிலேயே நிற்பது. அது முழுமையாக மறைந்தது. 2.5 மீற்றர் 25 மீற்றராயிற்று. கடதாசி ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக நகர்வதால் எழுபது பிரதிகளிலும் அதே புள்ளியே மறைந்திருந்தது.

ஆறரை மீற்றர் ஏணியின் அடி சுவரிலிருந்து இருபத்தைந்து மீற்றருக்கு அப்பால் இருத்தல் எங்ஙனம்? கவலையற்ற மாணவர் அதைக் கவனியாது ஏதோ ஓர் எண்ணை எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குச் சென்றனர். கவனமுள்ள மாணவரே இடர்ப்பட்டனர். தம் வேலையிற் பிழையுண்டென்று கருதித் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தனர். அரைமணி நேரத்தை அவ்வினாவிலேயே இழந்தவரும் உளர். பின்னர் அவ்வினாவுக்குரிய புள்ளிகள் எல்லோர்க்கும் வழங்கப்பட்டன. ஆயின் இழந்த அரைமணி நேரத்தை யார் வழங்க வல்லார்? எவர் சிரத்தையோடு வாசித்தாரோ அவர்க்கே தண்டனை கிடைத்தது.

தமிழெழுத்துக்கும் இவ்விடர் உண்டு. மெய்யெழுத்தின் தலையிலுள்ள புள்ளி மிகச் சிறியது. அது மறைந்தால் ‘கல்’ என்பது ‘கல’ என நிற்கும். வளர்ந்தோர் குறிப்பறிந்து வாசித்துக்கொள்வர். எழுத்துக்கூட்டிப் படிக்கும் முதலாந் தரக் குழந்தை என் செய்யும்? கணிதத்திலே கழித்தற் குறியும், வேதியியலிலே எழுத்தின் காலடியில் நிற்கும் சிறிய எண்ணும் இவ்வாறே தப்பிப்போகக் கூடியவை.

கடதாசியின் அருமையையும் நாம் மறந்துவிடலாகாது. 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டதை வாசகர் நினைவிற் கொண்டிருப்பர். பிழையாக அச்சான ஒவ்வொரு தாளும் கடதாசியும் மையும் ஒருங்கே இழந்த கணக்கு.

ஆகவே, கண்காணிப்பு முதலாவது கடமை. இதற்கெனப் பொறியிலேயே ஒரு வசதி உண்டு. ‘நொசில் செக்’ என்னும் கட்டளையை இட்டால், படிக்கட்டுப்போல் அமைந்த சிறுகோடுகளைக் கொண்ட ஒரு பரிசோதனைத் தாளைப் பொறி அச்சிட்டுத் தரும். ஒவ்வொரு சிறுகோடும் ஒரு துளையின் கையெழுத்து. எல்லாக் கோடுகளும் இருப்பின் எல்லாத் துளைகளும் நலம். இதற்குச் செலவாகும் மை மிகச் சொற்பம். முதலில் மைத்தாரை வரைந்தது மனிதனின் இதயத் துடிப்பை என்றோம். இத்தாளைப் பொறி தன் துடிப்பைத் தானே வரைந்து காட்டும் தாள் எனலாம்.

வாரம் ஒருமுறை இத்தாளை அச்சிட்டு, திகதியிட்டு, பழைய அப்பியாசக் கொப்பி ஒன்றில் ஒட்டி வருவீர்களாக. ஒரு தாளைத் தனியே பார்ப்பதினும் இரண்டு மூன்று வாரத் தாள்களை ஒப்புநோக்குவதே அதிகம் கற்பிக்கும். சென்ற வாரமும் இவ்வாரமும் ஒரே இடத்திற் கோடு விடுபட்டிருப்பின் அத்துளையில் மை உலர்ந்துள்ளது என்க. விடுபட்ட இடம் ஒவ்வொரு முறையும் மாறுமாயின் அடைப்பன்று. மையோடு காற்றுக்குமிழ் கலந்துள்ளது, அல்லது மை போதிய அளவு வந்து சேரவில்லை. கோடு இருந்தும் சற்றுச் சாய்ந்து நிற்குமாயின், துளையின் விளிம்பிலே பொருக்கோ தூசியோ பற்றித் துளியைத் திசைதிருப்புகின்றது. ஒரு நிறம் முழுவதுமே வாராதாயின், அந்நிறத்தின் தாங்கி வெறுமையா, புதிய பேழையின் ஒட்டுநாடா நீக்கப்படவில்லையா என்று முதலிற் பார்க்க.

மஞ்சள் நிறக் கோடுகள் வெள்ளைத்தாளில் எளிதிற் புலப்படா. அவற்றை நீலச் செலோபேன் தாளினூடாக நோக்கினால் கருமையாகத் தெரியும். மஞ்சள் மை நீல ஒளியை விழுங்குவதே காரணம். ஒளியியல் படிக்கும் மாணவர் இதனை வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

இனிக் காக்கும் வழிகள். பொறியை அதன்மேலுள்ள பொத்தானாலேயே நிறுத்துதல் வேண்டும். சுவரிலுள்ள ஆளியை முதலில் நிறுத்துவோர் பலர். அங்ஙனம் நிறுத்தினால் அச்சுத்தலை தன் மூடியிற் சென்று அமர நேரமின்றி நடுவழியிலேயே நின்றுவிடக்கூடும். இரவு முழுவதும் அத்துளைகள் காற்றிற் கிடந்து உலரும். மின்வெட்டின் போதும் இதுவே நிகழும். 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்ட காலத்தை நாம் கடந்து வந்தோம். அச்சிடும்போது மின்சாரம் போனால், மீண்டும் வந்தவுடன் பொறியை ஒருமுறை இயக்கிப் பின் பொத்தானால் நிறுத்திவிடுக. தலை தன் இருப்பிடஞ் சேரும்.

வேலையில்லாத வாரத்திலும் எல்லா நிறங்களும் கலந்த சிறு படமொன்றை அச்சிடுதல் நன்று. பள்ளி விடுமுறையில் ஒரு மாதம் வாளாவிருந்த பொறியே தவணை தொடங்கும்போது தொல்லை தருவது. மின்விசிறிக்கு நேர்கீழேயும் யன்னலோரத்து வெயிலிலும் பொறியை வைக்கலாகாது. கிழக்கு மாகாணத்திற் கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஈரம் வற்றிய சூடான காற்று வீட்டினுள்ளும் புகும். குளிரூட்டிய அறையிலும் காற்று வறண்டதே. அக்காலத்திலும் அவ்விடத்திலும் பரிசோதனையை வாரம் இருமுறை செய்தல் தகும். தூசி படியாதவாறு துணியொன்றால் பொறியை மூடிவைக்க. மைத்தாங்கியில் மை கீழ்க்கோட்டுக்கு இறங்குமுன் நிரப்புக. இறங்கினால் குழாய்களிற் காற்றுப் புகும். ஒரு பொறிக்கு உரிய மையை விட்டு வேறு வகை மையை அதனோடு கலத்தல் ஆகாது. சிலவகை மை நீரிற் கரைந்த சாயம். சிலவகை நுண்துகள்கள் மிதக்கும் நிறப்பொருள். இரண்டும் சேர்ந்தால் திரண்டு துளையை அடைக்கவும் கூடும்.

இவ்வளவு செய்தும் துளை அடைபடின், ‘ஹெட் கிளீனிங்’ என்னும் தூய்மைக் கட்டளை உண்டு. அப்போது பொறி, மூடியின் கீழுள்ள பம்பியினால் துளைகளினூடாக மையை உறிஞ்சி வெளியேற்றும். உலர்ந்த பொருக்கும் அதனோடு வரும். இங்கேதான் பலர் பொறுமையிழக்கின்றனர். ஒருமுறை செய்து பயனில்லையெனில் பத்துமுறை செய்கின்றனர். ஒவ்வொரு முறையும் மை வீணாகின்றது. வீணான மை பொறியின் அடியிலுள்ள பஞ்சிற் சேர்கின்றது. அப்பஞ்சு நிறைந்துவிட்டதாகப் பொறியின் கணக்குக் காட்டுமாயின், அதை மாற்றும்வரை பொறி வேலைசெய்ய மறுக்கும். ஆகலின் முறை இதுவே: ஒரு தூய்மை, உடனே ஒரு பரிசோதனைத் தாள். திருந்தாவிடின் மேலும் ஒன்றிரண்டு முறை. அதன்பின் பொறியை நிறுத்தி 12 மணித்தியாலம் ஓய்வு கொடுக்க. அந்நேரத்தில் புதுமை பொருக்கை ஊறவைக்கும், காற்றுக்குமிழும் அடங்கும். மறுநாட் காலையிற் தானே திருந்திய துளைகள் பல. பெருந்தூய்மை எனப்படும் ‘பவர் கிளீனிங்’ கட்டளை கடைசி மருந்து. தாங்கிகளில் மூன்றிலொரு பங்குக்குக் குறையாது மை இருக்கும்போதன்றி அதனைத் தொடலாகாது.

ஊசியாற் குத்துதல் பெரும் பிழை. துளைகள் உள்ள தகட்டின்மேல் மை ஒட்டாதிருக்கும்படி மென்படலமொன்று பூசப்பட்டுள்ளது. அது கீறுண்டால் துளி நேரே விழாது. மதுசாரம், வாசனைத் தைலம், கண்ணாடி துடைக்கும் நீர்மம் ஆகியவற்றை ஊற்றுவோரும் உளர். அவை நன்மையிலும் தீமையே அதிகம் செய்யும். தலையோடு கூடிய பேழையாயின், இளஞ்சூடான காய்ச்சி வடித்த நீரில் நனைத்த பஞ்சிழை படாத துணியைத் துளைத்தகட்டில் சிறிது நேரம் ஒற்றி எடுக்கலாம், தேய்க்கலாகாது. கிணற்று நீர் இதற்கு உதவாது. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரிற் சுண்ணாம்புச் சத்து மிகுதியென்பதைக் கேத்திலின் உள்ளே படியும் வெண்பொருக்கே சொல்லும். ஓர் அடைப்பை நீக்கப்போய் மற்றோர் அடைப்பைத் தேடிக்கொள்ளுதல் ஆகாது.

பெரிய அச்சகங்களிலுள்ள பொறிகள் தம்மைத் தாமே கண்காணிக்க வல்லன. சிலவற்றில் துளி விழும் வழியின் குறுக்கே மெல்லிய ஒளிக்கற்றை ஒன்று செல்லும். துளி விழும்போது ஒளி மறைபடும். மறைபடாவிடின் அத்துளை உறங்குகின்றதென்று பொறி அறிந்துகொள்ளும். வேறு சிலவற்றில், மையறையைத் தகடு பிழிந்தபின் எஞ்சும் அதிர்வைப் பொறி செவிமடுக்கும். நிறைகுடத்தையும் குறைகுடத்தையும் தட்டிப் பார்த்து ஒலியால் அறிவதுபோல, காற்றுக்குமிழ் புகுந்த அறையை அதிர்வின் வேறுபாட்டால் அது கண்டறியும். உறங்கிய துளையின் வேலையை அயலிலுள்ள துளைகளுக்குப் பகிர்ந்தளிக்கவும் அதற்குத் தெரியும். நம் வீட்டுப் பொறியிலே இவ்வசதி இல்லை. அங்கே ஒளிக்கற்றையும் செவியும் நாமே.

எனவே மாணவர்களே, ஞாயிறுதோறும் வீட்டில் ஒருவர் இப்பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். பரீட்சைக் காலத்தில் அதிகப் பிரதிகள் எடுக்குமுன் பரிசோதனைத் தாளொன்றை முதலில் எடுங்கள். பின் ஒரே ஒரு பிரதியை அச்சிட்டு, மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். தசமப் புள்ளியையும், கழித்தற் குறியையும், மெய்யெழுத்தின் புள்ளியையும் விரல்வைத்துப் பாருங்கள். அவசரமாக அச்சிட்டே ஆகவேண்டிய வேளையில் துளை அடைபட்டிருந்தால், சிக்கன முறையை விட்டு உயர்தர முறையில் அச்சிடுங்கள், மை சிறிது கூடச் செலவாகும், எழுத்துத் தப்பும். ஆசிரியர்களுக்கும் எமது வேண்டுகோள் இதுவே. ஒரு தாளைச் சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை நாம் செலவிடாவிட்டால், பரீட்சை மண்டபத்திலிருந்து ஒரு பிள்ளை தன் அரைமணி நேரத்தைச் செலவிட நேரும்.